வாத்தியார் பக்கத்து பிரேக்

போன வாரம் அந்த இரண்டு பேரையும் நிறுத்திவைத்த காருக்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். அப்படியே உட்கார்ந்திருக்க முடியுமா? இறங்கிப் போய்ச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள். பேச்சு மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. தெருவே டீச்சர் என்று கூப்பிடும் இவள் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதனால் அவன் லிஃப்ட்காரன். மூன்றாவது ஆள் அவனுடைய அம்மா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தும் பட்டம் போகவில்லை, அக்கம்பக்கத்தில் இன்னமும் அவர் எக்ஸ்சேஞ்ச் அம்மாதான்.

ஒரு காலத்தில் ஊர்ப்பேச்சு முழுக்க அந்த அம்மாவின் காது வழியாகப் போனது. அந்தக் காதுக்குப் பயந்துதான் மகனும் மருமகளும் முக்கியமான எதையும் வீட்டுக்குள் பேசுவதில்லை. இருப்பது இரண்டு அறையும் ஒரு சமையலறையும். சுவரோ அட்டை மாதிரி. எனவே பேச வேண்டியது ஏதாவது சேர்ந்துவிட்டால் சாயங்காலம் கீழே இறங்கி, மதில் ஓரமாக நிற்கும் பயிற்சிக் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார்கள். காதும் காதும் வைத்தாற்போல் விஷயம் முடிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. பேச வேண்டியவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வேண்டும். கேட்பவர் பக்கத்து இருக்கையில். பயிற்சிக் கார் இல்லையா, அந்தப் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. வாத்தியாருக்கான பிரேக். கேட்பவருக்குச் சம்மதமில்லை என்றால் குறுக்கே பேசக் கூடாது, சத்தம் போடக் கூடாது, அந்த பிரேக்கை மிதித்தால் போதும். பேசுபவர் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் கேலியாக ஆரம்பித்தது, போகப் போகச் சட்டமாகிவிட்டது.

சட்டப்படி இருவரும் இடம் மாறி உட்காரலாம். ஆனால் டீச்சருக்குப் பழக்கதோஷம், கால் தானாக வாத்தியார் பக்கம்தான் போகும். லிஃப்ட்காரன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பேசுவான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அதன்பிறகு அந்த இருக்கையில் அவன் பேசியிருக்கிறானே தவிர ஓட்டியதில்லை.

சரி, போன வாரத்துப் பிரச்சினைக்கு வருவோம். டீச்சர் வேலை பார்க்கும் ஓட்டுநர் பள்ளியின் முதலாளியம்மா, வயதாகிவிட்டதென்று பள்ளியை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறார். இரண்டு கார், பெயர்ப்பலகை, மாணவர்கள், எல்லாவற்றையும் டீச்சருக்கே கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர்கள் சேர்த்து வைத்திருப்பது அதற்குச் சரியாக இருக்கும்.

இந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரன் ஒரு இலவசக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தான். வீடு வாங்கி வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் கூட்டம். நடத்துபவரை எல்லோரும் கோச் என்று கூப்பிட்டார்கள். கூட்டம்தான் இலவசம், கோச் கூடவே இருந்து ஆறு மாதம் வழிகாட்ட வேண்டும் என்றால் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைக் கட்டினால் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை முன்பணமாக வைத்து ஒரு சின்ன வீடு, மீதிக்குக் கடன், அதில் வாடகை வர ஆரம்பித்ததும் பள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று லிஃப்ட்காரன் சொன்னான். டீச்சர் பிரேக்கை மிதித்தாள். அவன் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தான். மறுபடி மிதித்தாள். இப்படி மிதித்து மிதித்துத்தான் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கோச் பதிலுக்குக் கொடுத்திருந்த கெடு இன்றைக்குச் சாயங்காலம். அதற்கு முன் மத்தியானம் ஒருமுறை வந்து பார்ப்பதாக லிஃப்ட்காரன் அவரிடம் சொல்லியிருந்தான்.

*

காலையில் லிஃப்ட்காரன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது டீச்சர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, மத்தியானம் தானும் வருவதாகச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. அவன் தலையாட்டினான்.

"எங்கம்மா போறீங்க ரெண்டு பேரும்?" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

"கடைக்கு அத்தை."

என்ன கடை என்று அவர் கேட்கவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே சிரித்துக்கொண்டார்.

டீச்சர் ஏன் வருகிறேன் என்றாள் என்பதை லிஃப்ட்காரன் வழியெல்லாம் யோசித்தபடி போனான். சண்டை போடவா, சம்மதிக்கவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே தெரியாது என்பதுதான் உண்மை. தானும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள், இன்னொரு வாத்தியாரைப் பார்த்தால் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

அவளுடைய காலை வகுப்பு மருந்துக்கடைக்காரருடன். மனிதர் கண்ணும் கருத்துமாக ஓட்டுபவர். முதலில் கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு தோளைத் திருப்பிப் பார்ப்பார், அதன்பிறகும் ஒரு தடவை கண்ணாடியைப் பார்ப்பார். நெரிசலான சந்தில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபோதும் பதறாமல் வண்டியை ஓரம் கட்டினார். டீச்சர் அவர் வகுப்பில் பிரேக்கைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

தேர்வுக்கு எப்போது பதிவு செய்யப்போகிறீர்கள் என்று அவள் வழக்கம்போல் கேட்டாள். இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்று அவரும் வழக்கம்போல் சொன்னார்.

"நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கு டீச்சர். இல்லைன்னா சாவியத் தொடவே தோணலை."

பாடம் முடிந்துவிட்டது என்று டீச்சர் யாரிடமும் வாயால் சொல்வதில்லை. கடைசி வகுப்பில் ஏதாவது ஒரு தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வாள். நான் இங்கே நிற்கிறேன், நீங்க ஒரு சுற்றுப் போய்ட்டு வாங்க என்பாள். முதலாளியம்மாவுக்கு இந்த வழக்கம் பிடிக்காது. சட்டத்திலும் இடமில்லை. ஆனால் அப்படித் தனியாகச் சுற்றி வந்தவர்கள் யாரும் தேர்வில் தோற்றதில்லை. திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் இந்த வேலையே பார்க்கிறேன் என்று ஒருமுறை கணவனிடம் சொல்லியிருக்கிறாள்.

மருந்துக்கடைக்காரர் வண்டியிலிருந்து அவள் இன்னும் இறங்கவில்லை. அவரும் ஒழுங்காக வருகிறார், ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிறார். அடுத்த வாரமும் இதே நேரம்தானே என்றார். சரி என்றாள்.

*

கோச்சின் அலுவலகம் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும் லிஃப்ட்காரன் பழக்கத்தில் கதவோரம் காதை வைத்துக் கேட்டான். கயிறு தேய்ந்திருக்கிறது என்றான். நாம இதுக்கா வந்தோம் என்று டீச்சர் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சர் மனதுக்குள் ஒரு வாய்வீச்சுக்காரரை எதிர்பார்த்து வந்திருந்தாள். பளபளவென்று ஒரு சட்டை, கையில் பெரிய கடிகாரம், பேச்சில் தேன். வந்து பார்த்தால் ஆள் சாதாரணமாக இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், தானே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். சமையலறை அலமாரிகள் விற்றுக்கொண்டிருந்தவர் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

வாரம் ஒருமுறை பேசுவேன், வீடு பார்க்கப் போகும்போது கூட வருவேன், விலை பேசும்போது பக்கத்தில் இருப்பேன், எங்கே ஏமாறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்வேன் என்று கோச் விளக்கினார். லிஃப்ட்காரன் வகுப்புப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் இப்படி உட்கார்ந்து டீச்சர் பார்த்ததில்லை.

அவள் ஒரே ஒரு சந்தேகம் என்றாள்.

"இவர் தப்பான வீட்டை வாங்கப்போறார்னு உங்களுக்குத் தெரியுது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேண்டாம்னு சொல்லுவேன் மேடம்."

"கேக்கலைன்னா?"

"முடிவு அவரோடதுதானே. நான் சொல்லத்தான் முடியும்."

டீச்சரின் பார்வை தன்னையறியாமல் மேஜைக்கு அடியில் போனது. அங்கே கோச்சின் காலணிகள் இரண்டும் அருகருகே சும்மா இருந்தன.

உங்களுக்கு எத்தனை வீடு இருக்கிறது என்று அவள் அடுத்ததாகக் கேட்டபோது லிஃப்ட்காரன் நெளிந்தான். கோச் நெளியவில்லை. மூன்று இருந்தது, இரண்டை விற்றுவிட்டேன் என்றார். வாடகைக்காரர்களோடு மல்லுக்கட்ட முடியவில்லை, வகுப்பில் வரும் வருமானம் அதைவிட நிலையாக இருக்கிறது என்றார். இதில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். கோச்சிடம் படித்தவர்கள் அவரோடு கைகுலுக்கி நின்ற படங்கள். மேல் வரிசையில் கறுப்புச் சட்டமிட்ட கண்ணாடி அணிந்த ஒருவர் இருந்தார். நடு வரிசையிலும் அவரே இருந்தார், கொஞ்சம் முடி கொட்டியிருந்தது. கீழ் வரிசையிலும் அவர்தான், கண்ணாடி மட்டும் மாறியிருந்தது.

"இவரா? முதல் நிலை, ரெண்டாம் நிலை, மூணாம் நிலை எல்லாம் முடிச்சிருக்கார். நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கிறவர்," என்றார் கோச், வாஞ்சையோடு.

"எத்தனை வீடு வாங்கியிருக்கார்?"

"இன்னும் வாங்கலை. ஆனா இப்போ ரொம்பத் தெளிவா இருக்கார்."

லிஃப்டில் இறங்கும்போது லிஃப்ட்காரன் வாயெல்லாம் பல்லாக இருந்தான். மனுஷன் எதையாவது பூசி மெழுகினாரா பார், வீட்டை விற்றதைக்கூட மறைக்கவில்லையே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று அடுக்கிக்கொண்டே போனான். டீச்சர் ம் கொட்டினாள். அவள் நினைப்பெல்லாம் அந்தப் படத்துக் கண்ணாடிக்காரரிடம் இருந்தது. முகம் புதிது, ஆனாலும் இப்படி ஒருவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கீழே வந்து கதவு திறந்தபோதுதான் எங்கே என்று புரிந்தது. மருந்துக்கடைக்காரரும் இப்படித்தான், வாராவாரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இரண்டு தடவை கண்ணாடி பார்த்து, அழகாக வண்டி ஓட்டுகிறார்.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. கோச்சைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போன இடத்தில் தன் கை மாட்டிக்கொண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் மிச்ச வேலையைப் பார்க்கப் போனதும் சாலையோரம் நின்று மருந்துக்கடைக்காரருக்கு போன் செய்தாள். அடுத்த வாரம் வகுப்பு கிடையாது, நேராகத் தேர்வுக்குப் போங்கள், உங்களுக்கு இனி என்னிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்றாள். என்மேல் ஏதாவது கோபமா டீச்சர் என்று கேட்டார் அவர்.

*

சாயங்காலம் இருவரும் காரில் ஏறினார்கள். லிஃப்ட்காரன் ஓட்டுநர் இருக்கையில், டீச்சர் வாத்தியார் பக்கம். புழுக்கமாக இருந்ததால் சாவியைத் திருகி மின்விசிறியைப் போட்டுக்கொண்டார்கள். மதில் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

அவன் ஆரம்பித்தான். கோச்சை அவள் நேரில் பார்த்துவிட்டாள், இனி ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது என்றான். அவள் மிதிக்கவில்லை. தோள்பட்டை முன்னைப்போல இல்லை, எத்தனை நாளைக்கு லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு இருப்பது என்றான். அவள் மிதிக்கவில்லை. பள்ளி எங்கே ஓடிப்போகிறது, முதலாளியம்மாவிடம் இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கலாம் என்றான். இந்த இடத்தில் நிச்சயம் மிதிப்பாள் என்று நினைத்துத் தானாகவே நிறுத்தினான். டீச்சர் இரண்டு கால்களையும் இருக்கைக்குக் கீழே பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பேச்சு தடுமாறியது. இத்தனை வருடமாக அவள் மிதிப்பதை வைத்துத்தான் அவன் அடுத்த வாக்கியத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்னான். பிறகு அதுவும் தீர்ந்துபோனது.

"ஏன் பிரேக் போட மாட்டேங்கிற?"

"இன்னிக்குப் போடறதா இல்லை. நீங்க சொல்லுங்க."

லிஃப்ட்காரன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தனக்கு ஒரு வீடு தெரியும் என்றான். பேருந்து பணிமனைக்குப் பின்னால் இருக்கும் கட்டடம். அங்கே லிஃப்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நாலாவது மாடியில் பின்பக்கத்து வீடு, சின்னது, நல்ல வெளிச்சம். அதில் இருக்கும் தம்பதி விற்கப்போகிறார்கள், நீயே எடுத்துக்கொள்ளேன் தம்பி என்று அவனிடமே இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். குழாய், கூரை, கடன், வாடகை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டான். போன வருடமே விசாரித்துவிட்டான்.

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இதைப்பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அப்புறம் கோச் எதுக்குங்க?"

அவன் எதிரே தெரிந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா, அவர் சொன்னார்னு உன்கிட்ட சொல்லலாம் இல்ல," என்றான்.

இப்போது குடியிருக்கும் வீட்டைப் பார்த்து முடிவு செய்து வாங்கியதும் லிஃப்ட்காரன்தான். பெரிய மழை வந்தால் குளியலறைக் கூரை ஒழுகும். ஒழுகும்போதெல்லாம் டீச்சர் வாளியை எடுத்து வைப்பாள், வைத்துவிட்டு, ரொம்ப நல்லாப் பாத்து வாங்கினீங்க என்பாள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு கேலி. மழைக்கு மழை, வாளிக்கு வாளி அதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. சேமிப்பில் பெரும்பகுதியைக் கொட்டி அவன் வாங்கப் பார்த்தது அவள் வாயிலிருந்து தப்பிக்க ஒரு ஆளை என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. அழுதால் அவன் பேச்சை விட்டுவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அவள் அந்த இடத்தில் இதமாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவளுக்கு அப்படியெல்லாம் பேச வராது. தெரிந்ததைத்தான் செய்தாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"எனக்கு அந்தப் பள்ளி வேணுங்க. அது உங்களுக்குத் தெரியும்," என்றாள், குனிந்து உள்ளே பார்த்தபடி. "அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. கோச்சுக்கு போன் பண்ணுங்க. சரின்னு சொல்றதோ வேண்டாம்னு சொல்றதோ, நீங்களே சொல்லுங்க. எதுவா இருந்தாலும் அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீ எங்க போற?"

"மேல நிக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

*

சமையலறை ஜன்னலருகே எக்ஸ்சேஞ்ச் அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. டீச்சர் உள்ளே வந்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு ஒரு தடவைகூட சிவப்பு எரியலையே?"

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே கார் நின்றது. அதன் பின்பக்கம் மதிலைப் பார்த்து இருந்தது. வெள்ளையடித்த மதில். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரியும், பின்விளக்கு எரிந்தால் மதில் முழுக்கச் சிவந்துபோகும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே பிழைப்பவளுக்கு இது இத்தனை வருடம் தோன்றாமல் போயிருக்கிறது.

"அத்தை, நீங்க ஒவ்வொரு தடவையும் இங்க உக்காந்து..."

"வேற என்ன பண்றது? கேக்கவா முடியுது?" என்றார் அவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டதாம், வலது காதிலும் பாதிதான் விழுகிறதாம். போய் ரொம்ப நாளாகிறதாம். எக்ஸ்சேஞ்ச் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். "நீங்க வீட்டுக்குள்ளயே கதவைச் சாத்திக்கிட்டுப் பேசியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. கீழ போனதாலதான் எல்லாம் தெரிஞ்சுது."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் டீச்சர் நின்றாள். போன வாரம் மதில் அணைந்து அணைந்து எரிந்ததையும் அந்த அம்மா சொன்னார். ஏதோ பெரிய விஷயம், பிள்ளை பாவம் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். பிள்ளை பாவம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

கோச் சொன்ன நேரம் நெருங்கிவிட்டது. கீழே காருக்குள் அவன் கைபேசி வெளிச்சம் தெரிந்தது. காதில் வைத்தான். பேசுகிறான் என்று தெரிந்தது, என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை. சரி என்று சொன்னால் சேமிப்பு போயிற்று, பள்ளியும் போயிற்று. டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னது கொஞ்சம் அவசரப்பட்டுச் சொன்னதோ என்றுகூட நினைத்தாள்.

அப்போது மதில் சிவந்தது.

விட்டு விட்டு எரியவில்லை. ஒரே சீராக, அணையாமல் எரிந்தது. டீச்சர் இங்கே நிற்கிறாள், வாத்தியார் பக்கம் காலியாக இருக்கிறது. ஓட்டுநர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதை அந்த வீட்டில் யாரும் இதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

"நீ இங்க இருக்க. அப்போ அது அவன்தான்," என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டீச்சரின் கைபேசியில் செய்தி வந்தது. கோச்சிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவள் அதை மாமியாருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் வந்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

கீழே என்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமியாருக்குக் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டது.

சிவப்பு அணைந்தது. கார் ஒரு தடவை குலுங்கி நின்றுபோனது. மறுபடி கிளம்பியது, மெதுவாக முன்னால் நகர்ந்தது. லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து அவன் ஒரு அடிகூட ஓட்டியதில்லை, இப்போது பக்கத்திலும் ஆள் இல்லை. வாசலருகே போனதும் கண்ணாடியைப் பார்த்தான், தோளைத் திருப்பிப் பார்த்தான், வலதுபக்க விளக்கைப் போட்டான். அவள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் செய்தான். வலதுபக்கம் திரும்பினான்.

பேருந்து பணிமனை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கோச்சுக்குப் போகாத சேமிப்பு அப்படியே முழுதாக இருக்கிறது. நாலாவது மாடித் தம்பதி இந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார்கள். இன்றைக்கே அவர்களிடம் பேசி முடித்துவிட்டால் பள்ளி போயிற்று.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், போன் செய்திருக்கலாம். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி முழுதாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கார் தெருமுனையை நெருங்க நெருங்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்சேஞ்ச் அம்மா ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்து மருமகளின் காலைப் பார்த்தார். வலது கால் செருப்பை உதறிவிட்டுச் சமையலறைத் தரையை விரல்கள் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றார்.